எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?

“முழுசா படிச்சிட்டு வந்து பேசு.”

புதிதாக வாசிக்க வருபவர்களின் வாயை அடைக்க நம் இலக்கிய உலகத்தில் அதிகம் பயன்படும் வாக்கியம் இதுதான். வாசகர் சந்திப்பில், புத்தகக் கடையில், டீக்கடையில், வாட்ஸப் குழுவில் என்று எங்காவது கேட்டிருப்பீர்கள். ஒரு பெண் ‘மோகமுள்’ பாதி வரை படித்துவிட்டு, “இந்த பாபு மேல எனக்கு எரிச்சலா வருது” என்கிறாள் என்று வையுங்கள். உடனே ஒரு மூத்தவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இந்த வாக்கியத்தைச் சொல்வார். அவள் அமைதியாகிவிடுவாள். ஏன் எரிச்சல் வந்தது, எந்த இடத்தில் வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த சந்திப்புக்கு அவள் வராவிட்டால், “இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்ல” என்று அதே மூத்தவர் வருத்தப்படுவார்.

பார்வைக்கு நியாயமான வாக்கியம்தான். ஒருவர் பல வருடம் உட்கார்ந்து ஒரு நாவலை எழுதுகிறார். நாம் நூறு பக்கத்தில் நின்றுகொண்டு அதைப் பற்றி ஏதோ சொல்வது அவசரக்குடுக்கைத்தனம் இல்லையா?

இல்லை. படிக்கும்போதே பேச வேண்டும் என்பது என் கட்சி. அதிலும் பெரிய நாவல்களையும் பல பாகங்களாக விரியும் தொடர்களையும் பாதியிலேயே பேசியாக வேண்டும். முடித்த பிறகு பேசுவது வேறு வேலை, அதற்கு விமர்சனம் என்று பெயர். படிக்கும்போது பேசுவது வாசிப்பிலேயே ஒரு பகுதி. விமர்சனத்தின் விதியைக் கொண்டுவந்து வாசிப்பின் தலையில் கட்டுகிறோம். அதனால் இரண்டும் கெடுகின்றன.

முதலில் அந்த விதியை அப்படியே ஏற்றுக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை, நாளுக்கு ஒரு அத்தியாயம் என்ற கணக்கில் இணையத்தில் வந்தது. 26 நாவல்கள், இருபதாயிரம் பக்கங்களுக்கு மேல். விதிப்படி பார்த்தால் 25 நாவல்களை முடித்தவர்கூட வாயைத் திறக்கக் கூடாது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையில் முதல் நாவல் 1996இல் வந்தது. ஐந்தாவது 2011இல். ஆறாவதுக்கு வாசகர்கள் வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். அதுவரை உலகம் முழுக்க வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

எழுதியவரே முடிக்காமல் போன நாவல்களை என்ன செய்வது? காஃப்காவின் ‘தி காசில்’ ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுபோகிறது. 1870இல் டிக்கன்ஸ் இறந்தபோது ‘எட்வின் ட்ரூட்’ பாதிதான் எழுதப்பட்டிருந்தது. 1954 டிசம்பரில் கல்கி மறைந்தபோது ‘அமரதாரா’ முடிந்திருக்கவில்லை. அவர் மகள் ஆனந்திதான் முடித்துவைத்தார். இந்த நாவல்களைப் பேச யாருக்குத் தகுதி?

அட, எழுதியவர் முடித்தால்கூடச் சிக்கல் தீர்வதில்லை. ‘அன்னா கரேனினா’ 1875 முதல் 1877 வரை ‘ருஸ்கி வெஸ்ட்னிக்’ என்ற ரஷ்ய இதழில் தொடராக வந்தது. கடைசியான எட்டாம் பகுதியில், செர்பியப் போருக்குப் போன ரஷ்யத் தன்னார்வலர்களைப் பற்றி டால்ஸ்டாய் எழுதியிருந்தது ஆசிரியர் கட்கோவுக்குப் பிடிக்கவில்லை. நாயகி இறந்ததோடு கதை முடிந்ததுபோலத்தான் என்று சொல்லி, மீதியைச் சில வரிகளில் சுருக்கி ஒரு குறிப்பு போட்டுவிட்டார். டால்ஸ்டாய் அந்தப் பகுதியைத் தனிநூலாக வெளியிட்டார். அப்படியென்றால் இதழில் மட்டும் படித்தவர்கள் நாவலை முடித்தவர்களா, முடிக்காதவர்களா? எங்கே முடிகிறது என்பதிலேயே எழுதியவரும் பதிப்பித்தவரும் சண்டை போட்டிருக்கிறார்கள். நாம் என்னவோ ‘முழுசா’ என்ற சொல்லைப் படியளக்கும் மரக்கால் மாதிரி நீட்டுகிறோம்.

இதில் பெரிய வேடிக்கை, இந்த விதியைப் பேசுவது தமிழ் வாசகர்கள் என்பது. தமிழ் நாவல் வளர்ந்ததே தவணை முறையில்தான். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் மாதாமாதம் வந்தது. அதன் முதல் வாசகர்கள் எல்லோருமே பாதி படித்தவர்கள்தான். ‘மோகமுள்’ளும் ‘சுதேசமித்திர’னில் தொடராக வந்ததுதான். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி மூன்றரை வருடத்துக்கு மேல் ஓடியது. வாரம் ஒரு தவணை கையில் கிடைக்கும், மிச்சமுள்ள ஆறு நாளும் பேச்சுதான் கிடைக்கும். நந்தினி யார், அவளுக்கு என்ன வேண்டும், பழுவேட்டரையர் எப்போது விழித்துக்கொள்வார்? திண்ணையிலும் சமையலறையிலும் ஆபீசிலும் பேசியவர்களிடம் ‘முழுசா படிச்சிட்டு வா’ என்று சொல்ல யாராலும் முடிந்திருக்காது. முழுசாக என்று ஒன்று அப்போது உலகத்திலேயே இல்லை.

அந்தப் பேச்சு வீணாகவும் போகவில்லை. தொடர் முடிந்ததும் இன்னும் பல விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லிக் கல்கி ஒரு முடிவுரை எழுதினார். இன்றும் புத்தகத்தின் கடைசியில் அது இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். வாசகர்களின் வாய் நாவலின் உடம்பில் விட்டுச்சென்ற தழும்பு அது.

ஜெயகாந்தன் கதை இன்னும் சுவாரசியம். 1966இல் ‘ஆனந்த விகட’னில் அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வந்தது. மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெடுக்கப்படுகிறாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அவள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். ஊரே கொந்தளித்தது. அம்மா இப்படிச் செய்வாளா, செய்யலாமா என்று சண்டை. ஜெயகாந்தன் என்ன செய்தார்? அந்தச் சண்டையின் தொடர்ச்சியாக, அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்னவாகியிருப்பாள் என்று ஒரு நாவலையே எழுதினார். ‘தினமணி கதி’ரில் ‘காலங்கள் மாறும்’ என்று தொடராக வந்து, பிறகு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று புத்தகமாகி, 1972இல் சாகித்திய அகாதமி பரிசும் வாங்கியது. அந்த நாவலுக்குள்ளேயே கங்கா ஒரு பத்திரிகையில் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற கதையைப் படித்து நிலைகுலைகிறாள். முடிந்துபோன கதையைக்கூட முடியாததாக வைத்துக்கொண்டு பேசிய வாசகர்கள் இல்லையென்றால் நமக்கு கங்கா கிடைத்திருப்பாளா? யோசித்துப் பாருங்கள்.

‘அதெல்லாம் வாரப் பத்திரிகை விவகாரம், பெரிய இலக்கியத்தை அப்படிப் பேச முடியாது’ என்று ஒரு மறுப்பு வரும். சரி, பெரிய இலக்கியத்துக்கே போவோம். ‘கரமசோவ் சகோதரர்கள்’ 1879–80இல், அதே ‘ருஸ்கி வெஸ்ட்னிக்’ இதழில் தொடராக வந்தது. குழந்தைகள் துன்பப்படும் உலகத்தை என்னால் ஏற்க முடியாது என்று இவான் பேசும் இடமும், அதைத் தொடரும் ‘விசாரணை அதிகாரி’யின் கதையும் 1879 மே, ஜூன் இதழ்களில் வந்தன. படித்துவிட்டு பபெதனோஸ்த்செவ் என்ற செல்வாக்கான நண்பர் தாஸ்தாயெவ்ஸ்கிக்குக் கடிதம் எழுதினார். இவ்வளவு பலமான வாதத்துக்கு மறுப்பு எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்டார். மறுப்பு அடுத்த பகுதியில், மூத்த துறவி ஸோசிமாவின் வாழ்க்கையில் வரும் என்று தாஸ்தாயெவ்ஸ்கி பதில் எழுதினார். அது போதுமான மறுப்பாக இருக்குமா என்று தனக்கே பயமாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதினார்.

இதில் யார் பாதியில் பேசியது? வாசகர் பேசினார், எழுதியவரும் பேசினார். நாவல் எங்கே போகப்போகிறது என்று இருவருக்குமே பதற்றம். இன்று நாம் அதை ஒரே புத்தகமாக வாங்குகிறோம். இவானின் கேள்விக்கும் ஸோசிமாவுக்கும் நடுவே நமக்கு இருப்பது சில பக்கங்கள். 1879இன் வாசகருக்கு மாதக்கணக்கு. மாதக்கணக்கில் அந்தக் கேள்வி பதிலில்லாமல் வயிற்றில் கிடந்திருக்கிறது. அந்த நாவலைப் படித்தவர்களில் யார் அதிகம் படித்தார்கள் என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

முடித்த பிறகு மட்டும் பேசுவதில் இன்னொரு ஆபத்து உண்டு. முடிவு மொத்த நாவலையும் விழுங்கிவிடும். ‘மோகமுள்’ளையே எடுத்துக்கொள்வோம். முடித்தவர்கள் யாரிடம் பேசினாலும், கடைசியில் யமுனா கேட்கும் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். (என்ன கேள்வி என்று இங்கே சொல்லப்போவதில்லை, கவலைப்படாதீர்கள்.) அந்தக் கேள்வி மகத்தானது, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்னால் சில நூறு பக்கங்கள் இருக்கின்றன. கும்பகோணம் இருக்கிறது. உலகத்துச் சத்தங்களிலெல்லாம் இசையைக் கேட்கும் ரங்கண்ணா இருக்கிறார். மராட்டியத்திலிருந்து வந்த பாடகர்களின் குரலைக் கேட்டு பாபு ஆடிப்போகும் இடம் இருக்கிறது. கிழவனுக்கு வாழ்க்கைப்பட்டு, பக்கத்து வீட்டில் உயிரோடு வேகும் தங்கம்மா இருக்கிறாள். முடித்தவர்களின் பேச்சில் இவர்களெல்லாம் யமுனாவை நோக்கிப் போகும் ரயிலின் ஸ்டேஷன்களாகிவிடுகிறார்கள்.

நடுவில் நிற்கும் வாசகருக்கு அந்த வசதி இல்லை. ரங்கண்ணா வரும் பக்கங்களில் நிற்பவருக்கு இது இசையைப் பற்றிய நாவல். தங்கம்மாவிடம் வந்து நிற்பவருக்கு, பாபுவின் பெரிய பெரிய இலட்சியங்களுக்கு ஒரு பெண் கொடுக்கும் விலையைப் பற்றிய நாவல். அங்கே பாபு மேல் எரிச்சல் வந்தால் அது சரியான எரிச்சல். தி. ஜானகிராமன் அதை வரவழைக்கத்தான் அப்படி எழுதியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். முடித்த பிறகு அந்த எரிச்சல் மழுங்கிவிடும். ‘பாபு ஒரு தேடல் உள்ளவன்’ என்று இஸ்திரி போட்ட வாக்கியமாக மாறிவிடும். நான் சொன்ன அந்தப் பெண்ணின் வாயை அடைக்கும்போது நாம் இழப்பது இதைத்தான்: தங்கம்மாவின் பக்கம் நின்று பேச அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே ஆளை.

அடுத்து ஸ்பாய்லர் விவகாரம். “ஐயோ, கதைய சொல்லிடாதீங்க” என்று காதைப் பொத்துகிறார்கள். ஒருவர் கேட்டுக்கொண்டால் சொல்லாமல் இருப்பது மரியாதை, அதை மறுக்கவில்லை. ஒரு துப்பறியும் கதையில் கொலைகாரன் பெயரைச் சொல்வது அற்பத்தனம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பயம் எல்லா நாவலுக்கும் பொதுவிதியானது எப்படி? வடதமிழ்நாட்டில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று பல நாள் போகும். துரியோதனன் சாவான் என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கிடையாது. ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்றுக் கர்ணனைப் பற்றிச் சொன்னதைப் பற்றி இன்று களத்துமேட்டில் தர்க்கம் நடக்கும். ‘பொன்னியின் செல்வ’னில் மட்டும் என்ன? அருள்மொழிவர்மன் ராஜராஜனாவான் என்பது பள்ளிப் பாடம். ஆதித்த கரிகாலன் கொலையுண்டான் என்பது உடையார்குடி கல்வெட்டிலேயே இருக்கிறது. சோழர் காலத்திலேயே ஸ்பாய்லர் கொடுத்துவிட்டார்கள், பாஸ். என்ன நடக்கும் என்பதை மட்டும் வைத்துப் பிழைக்கும் நாவலுக்கு இரண்டாம் வாசிப்பு கிடையாது.

இப்போது என் கட்சிக்கு எதிரான பலமான வாதத்துக்கு வருகிறேன். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளியானது. நான்கு வருடம் கழித்து, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரில் விநியோகிக்கப்பட்டன. புத்தகம் எரிக்கப்பட்டது. எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த பிறகுதான் அவர் மீண்டும் எழுத்துக்கு வந்தார். ‘பார்த்தாயா, பாதி படித்துப் பேசுவது எங்கே கொண்டுபோய் விட்டது’ என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

என் பதில் இது. அந்த நகல்களைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒரு நாவலைப் பாதி படித்துக்கொண்டிருந்தவர்கள் அல்ல. அவர்கள் படித்து முடித்துவிட்டவர்கள். நான்கு பக்கத்தோடு முடித்துவிட்டவர்கள். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கும் என்ற ஆர்வம் இருந்தால் அது வாசிப்பு. அந்த நகலுக்கு அடுத்த பக்கமே கிடையாது. பொன்னாவின் துயரம் என்ன, காளியின் அவமானம் என்ன, ஊர் அவர்களை என்ன பாடுபடுத்தியது என்று கேட்க அதில் வழியில்லை. அங்கே நடந்தது கருத்துச் சொல்வது இல்லை, தீர்ப்புச் சொல்வது. தீர்ப்புக்கு முழு நாவலும் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆகவே பாதியில் பேசுபவருக்கும் ஒழுக்கம் உண்டு. எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ‘இதுவரை’ என்ற சொல்லை வெட்கப்படாமல் பயன்படுத்த வேண்டும். ‘மொக்கை நாவல்’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘இந்த அத்தியாயத்தில் எனக்குப் பிடி விட்டுப்போச்சு’ என்று சொல்ல வேண்டும். அடுத்த வாரம் கருத்து மாறினால் மாறிவிட்டது என்று வந்து சொல்ல வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இருநூறாம் பக்கத்தில் வெறுத்த பாத்திரத்தை நானூறாம் பக்கத்தில் நேசிப்பது வாசகர் போட்ட தப்புக் கணக்கு இல்லை, நாவல் செய்த வேலை. முதல் கருத்தைச் சொல்லவே விடாவிட்டால், அந்த வேலை நடந்தது என்பதற்கு என்ன சாட்சி?

‘முழுசா முடி’ என்ற அதட்டலுக்குப் பின்னால் சந்தையும் நிற்கிறது. 2007இல் தொடங்கி 2013இல் அமேசானிடம் போன குட்ரீட்ஸ் போன்ற தளங்களில் வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்துக்கொள்ளலாம். முடித்தால் எண்ணிக்கையில் ஒன்று கூடும், ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடலாம். நம்மூரில் டிசம்பர் வந்தால் ‘இந்த வருடம் வாசித்த நூறு நூல்கள்’ பட்டியல்கள் வரிசைகட்டும். ஜனவரியில் புத்தகக் கண்காட்சிப் பை நிறையப் படங்கள். வாங்கியதற்குப் படம் உண்டு, முடித்ததற்குப் பட்டியல் உண்டு. நடுவில் மூன்று மாதம் ஒரு நாவலோடு மல்லுக்கட்டியதற்கு மட்டும் இடமே இல்லை.

இதன் விளைவு என்ன தெரியுமா? எண்ணிக்கை முக்கியமானால் நூற்றிருபது பக்கப் புத்தகம்தான் லாபம். தடித்த நாவல் நஷ்டம். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை வாங்கிவைத்திருக்கும் எத்தனை பேர் மெடானில் ஜப்பானியப் படை நுழையும் தொடக்கப் பக்கங்களிலேயே இறங்கிவிடுகிறார்கள்! தெரியாத ஊர்ப் பெயர்கள், மலாய்ச் சொற்கள், மதுரைக்கும் கடல்கடந்த தெருக்களுக்கும் நடுவே தாவும் மனவோட்டம். “நானும் அங்க முழிச்சேன், கொஞ்சம் தம் கட்டு, பாண்டியன் கூடவே போ, அப்புறம் அது உன்னை இழுத்துக்கிட்டுப் போயிடும்” என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்த ஐம்பது பக்கம் நகர்ந்துவிடும். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க, முதலில் ‘நான் சிக்கிக்கொண்டேன்’ என்று சொல்லும் உரிமை வேண்டும். முடித்தவர்கள் மட்டும் பேசும் இடத்தில் சிக்கிக்கொண்டவர்கள் பொய் சொல்வார்கள். படித்ததாகத் தலையாட்டுவார்கள். நம் கூட்டங்களில் நடக்கும் தலையாட்டலில் பாதி இந்த வகைதான்.

எழுதுபவர்களுக்கும் இதில் நஷ்டம். தமிழில் ஒரு நாவல் வெளியாகி ஆறு மாதத்தில் என்ன கிடைக்கிறது? வெளியீட்டு விழாப் பேச்சு, இரண்டு மூன்று மதிப்புரை, பிறகு மௌனம். படிப்பவர்கள் இருக்கிறார்கள், படித்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் முடித்த பிறகு, சரியான சொற்கள் சிக்கிய பிறகு, யாரும் குறை சொல்ல முடியாத மாதிரி எழுதலாம் என்று ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு விட்டுவிடுகிறார்கள். மூன்று வரியில் ‘ஏழாவது அத்தியாயத்தில் அந்த அம்மா கதவைச் சாத்துகிற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், இன்னிக்கு முடியாது’ என்று ஒருவர் சொல்வது, எழுதியவருக்கு நாலு பக்க மதிப்புரையைவிடப் பெரிய செய்தி.

ஆகவே மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தப் பழைய வாக்கியத்தைக் கொஞ்ச நாள் பரணில் போடுங்கள். பாதி படித்துவிட்டு யாராவது பேச வந்தால், “எந்தப் பக்கத்துல இருக்கீங்க?” என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தில் நீங்கள் நின்ற நாள் உங்களுக்கு ஞாபகம் வரலாம். வராவிட்டால், எடுத்து மறுபடி படிக்க அது ஒரு நல்ல காரணம்.

இளைய வாசகர்களிடம் சொல்ல அதிகமில்லை. இப்போது உங்கள் பையில் ஒரு நாவல் இருக்கும். நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டோ மடித்த மூலையோ இருக்கும். இன்று மாலை யாரையாவது பார்த்தால், அந்த இடத்தைப் பற்றிப் பேசுங்கள். மீதியை ராத்திரி படித்துக்கொள்ளலாம்.